விருந்தாளி வரும் மலை வீடு: வாசகர் கேள்வி - பதில்

வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, உறவுக்காரர்களையும் நண்பர்களையும் வசதியாக உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் விஷயம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டோம். சமவெளி வீட்டுக்குச் சொல்லும் பதில் மலை வீட்டுக்குப் பொருந்தாது.

குன்னூர் வாசகி: எங்களுடையது பழைய கல் வீடு. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒன்றரை அடி கனத்தில் கல் சுவர். இரண்டு அறைகளையும் ஒன்றாக்கினால் 20 பேர் உட்காரலாம். மேஸ்திரி இரண்டே நாளில் இடித்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

முதலில் பரணில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். கைமரமோ பரண் உத்தரமோ அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தால் அது சுமை தாங்கும் சுவர். எதுவும் உட்காரவில்லை என்றாலும் நிம்மதி அடைய வேண்டாம். மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய பழைய வீடுகளில் நீளமான வெளிச்சுவர்களைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது இந்தக் குறுக்குச் சுவர்தான். அதை முழுவதும் எடுத்தால் வெளிச்சுவர் ஆதரவின்றி நிற்கும். ஆகவே முழுச் சுவரையும் எடுக்காதீர்கள். 7 அடி அகலத்தில் ஒரு திறப்பு போதும். திறப்பின் இரு பக்கமும் குறைந்தது இரண்டு அடிச் சுவர் மிஞ்ச வேண்டும்.

7 அடித் திறப்புக்கு மேலே 4 அடி உயரத்துக்குச் சுவர் நின்றால் அதன் எடை மட்டும் சுமார் 2.7 டன். கூரையின் பளு தனி. இதைத் தாங்க இரண்டு ஐ பீம்களை (I வடிவ இரும்பு உத்தரங்களை) அருகருகே வைப்பது வழக்கம். 150 மி.மீ. போதுமா, 200 வேண்டுமா என்பதைக் கூரையைப் பார்த்துப் பொறியாளர் சொல்ல வேண்டும். 200 மி.மீ. பீம் எட்டரை அடித் துண்டு ஏறக்குறைய 63 கிலோ இருக்கும், நான்கு பேர் தூக்கிவிடலாம்.

வேலையின் வரிசை முக்கியம். பீம் வரப்போகும் மட்டத்துக்கு மேலே மூன்றடிக்கு ஒன்றாகச் சுவரில் துளையிட்டு, குறுக்கே கனமான கட்டையோ இரும்போ செலுத்தி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு மரப் பலகைத் தரையில் நிற்கக் கூடாது, பலகையைக் கழற்றிக் கெட்டி நிலத்தில் ஊன்ற வேண்டும். பிறகு பீமின் இரு முனைகளும் உட்காரும் இடத்தில் 9 அங்குல கனத்துக்கு 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் மெத்தை. மலைக் குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் 10 நாள் விடுங்கள். பீம் ஒவ்வொரு முனையிலும் 9 அங்குலம் சுவரில் ஏறியிருக்க வேண்டும். பீமுக்கும் மேல் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் ஈரம் குறைந்த 1:3 சிமென்ட் - மணல் கலவையைக் கட்டையால் அடித்து இறுக்கி நிரப்ப வேண்டும். அது காய்ந்த பிறகே முட்டுகளை எடுப்பதும் கீழ்ச் சுவரைப் பிரிப்பதும். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்தச் சந்தில்தான். தளதளவென்று கலவையைப் பூசி மூடிவிடுவார்கள், அது காய்ந்து சுருங்கும், மேல் சுவர் அரை அங்குலம் இறங்கும், பரண் வரை விரிசல் ஓடும்.

கல்லைக் கையால் பிரிக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் இயந்திரத்தின் அதிர்வில் மண் சாந்து உதிர்ந்து, நீங்கள் தொடாத சுவரும் தளர்ந்துவிடும்.

ஒரு யோசனை: திறப்பில் மடக்குக் கதவு போடுங்கள். 20 பேருக்கான கூடத்தில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் டிசம்பர் இரவை நினைத்துப் பாருங்கள்! மேசையைப் பொறுத்தவரை ஆளுக்கு இரண்டடி நீளம், மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை நாற்காலிக்கும் பரிமாறுபவருக்குமாக மூன்றடி. 10 பேர் மேசை 8 அடிக்கு 3½ அடி என்றால் அறையின் அகலம் 9½ அடியாவது வேண்டும். உங்கள் அறைகளை அளந்து பாருங்கள். அறைக்கொரு மேசையாக இரண்டு அறைகளிலும் போட்டு, திறப்பு வழியே பேசிக்கொள்ள இடமிருந்தால் வேறு எதையும் இடிக்க வேண்டியதில்லை.

கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வாசகர்: வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். விசேஷத்துக்கு வருகிறவர்கள் தூங்க மேலே பரண் அறை போட, பொதுச் சுவரில் பீம் ஏற்றலாமா?

வேண்டாம். சுவரை ஒட்டி உங்கள் பக்கத்தில் இரும்புத் தூண் நிறுத்தி, அதற்குத் தனி அஸ்திவாரம் போட்டு, பீமை அதன் மேல் வையுங்கள். அறையில் நாலைந்து அங்குலம் குறையும், ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது உங்களாலா என்ற பேச்சு பத்து வருடத்துக்குப் பிறகும் வராது. தூணின் குழி பொதுச் சுவரின் கடைக்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, அதை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள். உயரத்தைக் கூட்டுவதானால் நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருப்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, உள்ளாட்சி அனுமதி வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

ஊட்டி, ஃபெர்ன்ஹில் வாசகர்: ஹாலில் மரத் தரை. ஏழெட்டுப் பேர் வந்தாலே ஆடுகிறது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

டைல்ஸ் ஒட்டினால் ஆட்டம் நிற்காது, டைல்ஸ்தான் உடையும். பலகை அப்படியே நன்றாக இருக்கும், அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் முனை மட்டும் கல் சுவருக்குள் உளுத்திருக்கும். சுவர் ஓரத்தில் இரண்டு பலகைகளைக் கழற்றி, கட்டையின் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

காரணம் வெளியே இருக்கும். தரைக்குக் கீழே காற்று ஓட, வெளிச்சுவரின் அடியில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். பூச்செடிப் பாத்தியை உயர்த்தியபோதோ, முற்றத்துக்கு சிமென்ட் போட்டபோதோ, எலி வருகிறதென்றோ அவற்றை அடைத்திருப்பீர்கள். முதலில் அதைத் திறந்து, எலிக்குக் கம்பி வலை அடியுங்கள். பிறகு உளுத்த முனையை வெட்டி, அதே அளவுக் கட்டையை நல்ல பகுதியுடன் மூன்றடியாவது ஒட்டி வைத்து 12 மி.மீ. போல்ட் மூன்று போட வேண்டும். புது முனைக்கு போராக்ஸ் - போரிக் கரைசல் பூசி, அடியில் தார் ஃபெல்ட் வைத்து, சுவருக்குள் சுற்றிலும் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். கலவையால் அடைத்தால் மறுபடி உளுக்கும்.

வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பளு என்று கணக்கிடுவது வழக்கம். கூட்டம் நின்று கலையும் கூடங்களுக்கு அது 500 கிலோ. பழைய தரையில் படுகர் ஆட்டமோ குழந்தைகளின் குதியாட்டமோ உண்டு என்றால், கட்டைகளின் நடுவில் கீழே ஒரு செங்கல் வரிச்சுவர் எழுப்பித் தாங்கல் கொடுங்கள்.

கோத்தகிரி வாசகி: வீட்டுக்கு முன்னால் நிலம் சரிந்து தேயிலைத் தோட்டத்தில் இறங்குகிறது. மண் நிரப்பி, 20 அடிக்கு 12 அடி திண்ணை மாதிரி எடுத்து, மாலையில் எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும் என்று ஆசை. எவ்வளவு உயரம் வரை மண் நிரப்பலாம்?

சரிவு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. 20 அடி நீளத்தின் வெளி விளிம்பில் பள்ளம் 5 அடிக்குள் இருந்தால் தடுப்புச் சுவர் கட்டி மண் நிரப்பலாம். அதற்கு மேல் என்றால் மண்ணை மறந்துவிட்டு, தூண்களின் மேல் இரும்புச் சட்டமும் மரப் பலகையும் போடுங்கள். செலவு கூடுதல்போலத் தோன்றும். ஆனால் 20 அடிக்கு 12 அடி இடத்தில் சராசரி 4 அடி மண் நிரப்பினால் ஏறக்குறைய 27 கன மீட்டர், எடையில் 45 டன்னுக்குக் குறையாது. அவ்வளவையும் சரிவின் உச்சியில் ஏற்றி வைக்கிறீர்கள். நவம்பர் மழையில் அது நனைந்து இன்னும் கனக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த நிலச்சரிவுகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுவரே கட்டுவதென்றால்: 5 அடி உயரக் கல் சுவருக்கு அடியில் 3 அடி அகலம், மேலே ஒன்றரை அடி. கடைக்கால் இரண்டடியாவது இறங்கி, நிரப்பு மண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். சுவரின் முகம் சற்றே மலைப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். சுவருக்குப் பின்னால் ஒரு அடி கனத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே ஜியோ டெக்ஸ்டைல் துணி. அடியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், நூறு அடிக்கு ஒரு அடி சரிவில், சுவரின் ஓரத்துக்கு அப்பால் போய்த் திறக்க வேண்டும். சுவரில் 3 அங்குல வீப் ஹோல்கள் (தண்ணீர் வடியும் துளைகள்) நாலைந்து அடிக்கு ஒன்று, கீழ் வரிசை தரையிலிருந்து அரை முதல் முக்கால் அடி உயரத்தில், மேல் வரிசை இடைவெளி மாற்றி. அடைமழையிலும் வீப் ஹோலில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அடைத்துக்கொண்டு உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம்.

மண்ணை 9 அங்குல அடுக்காகப் போட்டுத் திம்சு அடித்து இறுக்க வேண்டும். ஒரே நாளில் கொட்டி மேலே டைல்ஸ் பதித்தால் ஒரு பருவமழையில் இரண்டு மூன்று அங்குலம் அமுங்கும். டைல்ஸ் இடுக்கில் விரிசல், விரிசல் வழியே தண்ணீர், பிறகு சுவர் நடுவில் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவருக்குப் பூச்சு வைத்தியம் கிடையாது, பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

கூரைத் தண்ணீரைக் கட்டாயம் கவனியுங்கள். 500 சதுர அடிக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,160 லிட்டர். அந்தக் குழாயைத் திண்ணைப் பக்கம் இறக்காமல், மூடிய குழாயிலேயே ஓடை வரை கொண்டுபோங்கள். பொக்லைன் போன்ற இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி தேவை. சின்ன வேலைதானே, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தூண் முறையில் போனால் கம்பித் தடுப்பு மூன்றரை அடி உயரம் இருக்கட்டும். விருந்தாளிகள் எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரே ஓரத்தில்தான் போய் நிற்பார்கள். அந்த ஓரத்துத் தூண்களைப் பொறியாளர் அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

கொடைக்கானல் வாசகர்: கணப்பு அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் விருந்தினர் அறை எடுத்து, எல்லா ஜன்னலையும் யூ.பி.வி.சி.க்கு மாற்றிய பிறகு, ஆள் கூடும் நாளெல்லாம் ஹால் முழுக்கப் புகை. புகைபோக்கியைச் சுத்தம் செய்தும் பயனில்லை.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, காற்று. பழைய மர ஜன்னலின் இடுக்குகள்தான் இத்தனை நாள் அடுப்புக்குக் காற்றைக் கொடுத்துவந்தன. புது ஜன்னல் இறுக்கமாக மூடிக்கொள்கிறது. விருந்து நாளில் சமையலறை எக்ஸாஸ்ட் மின்விசிறியும் ஓடும். அது வீட்டிலுள்ள காற்றை வெளியே இழுக்க, ஈடு செய்யப் புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. சோதனை எளிது: மின்விசிறியை நிறுத்தி, அடுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை ஒரு அங்குலம் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் புகை அடங்கினால் இதுதான் காரணம். நிரந்தரத் தீர்வு, வெளிச்சுவரிலிருந்து தரைக்கு அடியாக 4 அங்குலக் குழாய் போட்டு அடுப்பின் ஓரத்தில் திறப்பது. வெளி முனைக்கு வலை, உள் முனைக்கு மூடி.

இரண்டு, உயரம். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே இருக்க வேண்டும். கூடவே 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரை முகட்டையும் விட 2 அடி உயர வேண்டும். புது அறையின் முகடு இதைத் தாண்டியிருந்தால், காற்று முகட்டில் மோதி உருண்டு நேராகப் புகைபோக்கி வாயில் இறங்கும். காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து அடிக்கும்போது மட்டும் புகை வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் அளவைப் பாருங்கள். புகைபோக்கியின் உள் பரப்பு, அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை வேண்டும். வாய் 36 அங்குலத்துக்கு 30 என்றால் 1,080 சதுர அங்குலம், அதற்குக் குழல் 9-க்கு 12 இருக்க வேண்டும். 8-க்கு 8 இருந்தால் 64 சதுர அங்குலம்தான், போதாது. குழலை இடித்துப் பெரிதாக்க வேண்டியதில்லை, வாயைச் சிறிதாக்கினால் போதும். அடுப்பு எரியும்போது ஒரு தகரத்தை வாயின் மேல் பகுதியில் வைத்து ஒவ்வொரு அங்குலமாகக் கீழே இறக்குங்கள். புகை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த அகலத்துக்கு இரும்புத் தகட்டில் முகப்புப் பட்டை அடித்து மாட்டுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் 9 அங்குலம்போல இறக்க வேண்டிவரும்.

விறகு சீகையோ கற்பூர மரமோ எதுவானாலும் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக ஆறு மாதமாவது அடுக்கி வைத்ததாக இருக்கட்டும். விருந்துக்கு முதல் நாள் வாங்கிய பச்சை விறகு புகையத்தான் செய்யும்.

கணப்பு புகைகிறதென்று சிலர் கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வருகிறார்கள். கரியில் புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். மூடிய அறையில் பார்பிக்யூ அடுப்புடன் தூங்கி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி உங்கள் ஊரிலேயே வந்திருக்கிறது. விருந்தினர் அறையில் இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

குன்னூர், வெலிங்டன் வாசகி: வராந்தாவை கண்ணாடியால் அடைத்து, கலர் ஷீட் கூரை போட்டு உட்காரும் கூடமாக்கினோம். இரவு விருந்து முடிந்தால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஷீட்டில் ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லைதான். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 40, 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். 12 பேர் மூன்று மணி நேரம் இருந்தால் ஒன்றரை லிட்டர், தேநீர் ஆவியும் சாப்பாட்டு ஆவியும் தனி. இரவில் ஷீட் வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டுத் துளியாகிறது.

உடனே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அடிப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆவி அதன் இடுக்குகளில் நுழைந்து மேலே போய், ஷீட்டில் துளியாகி, ஜிப்சத்தின் முதுகில் விழும். ஒரே வருடத்தில் கருப்புப் புள்ளி, பிறகு தொய்வு. சரியான அடுக்கு, கீழிருந்து மேலாக: பைன் பலகை அல்லது சிமென்ட் போர்டு, அதன் மேல் ஆவி புகாத அலுமினிய ஃபாயில், அதன் மேல் 50 மி.மீ. ராக் வூல் (குளிர் தடுக்கும் கல் பஞ்சு), பிறகு ஷீட்டுக்குக் கீழே இரண்டு அங்குலக் காற்று இடைவெளி. அந்த இடைவெளியின் காற்று தாழ்வாரத்தில் நுழைந்து முகட்டில் வெளியேற வழி வேண்டும். ஃபாயில் துண்டுகள் நாலு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஃபாயிலை ராக் வூலுக்கு மேலே போட்டால் பஞ்சு நனைந்து மூட்டையாகத் தொங்கும்.

இன்னும் ஷீட் வாங்காதவர்கள் 50 மி.மீ. பஃப் பேனலாகவே (இரண்டு ஷீட்டுக்கு நடுவில் நுரை அடைத்தது) வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கண்ணாடியில் வழியும் நீருக்கு இரட்டைக் கண்ணாடி நல்லது, விலைதான் இடிக்கும். ஒற்றைக் கண்ணாடியே இருந்தால் கீழ்ச் சட்டத்தில் நீர் வடியக் கால்வாயும் மேலே திறக்கும் சின்ன லூவரும் வையுங்கள். கிழக்கு, தென்கிழக்குப் பார்த்த கூடமானால் காலை வெயிலிலேயே காய்ந்துவிடும்.

ஊட்டி வாசகர்: விருந்தினர் குளியலறையில் 25 லிட்டர் கீசர். இரண்டு பேர் குளித்ததும் பச்சைத் தண்ணீர். இன்னும் பெரியது வாங்கவா?

கணக்குப் போடுவோம். குளிர் காலத்தில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். 60 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 43 லிட்டர் கிடைக்கும். வாளிக் குளியலுக்கு ஆளுக்கு 20 லிட்டர், ஆக இரண்டு பேர். மறுபடி சூடாக 2 கிலோவாட் கீசருக்கு 42 நிமிடம். ஆறு பேர் தங்கும் அறைகளுக்கு 50 லிட்டர் ஒன்று, அல்லது 25 லிட்டர் இரண்டு. இரண்டாக வாங்குவதே நல்லது, ஒன்று பழுதானாலும் விருந்தாளி குளிரில் நிற்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி மின்சுற்றும், மொத்தத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சூரிய ஹீட்டர் என்றால் உறைபனிக்குத் தாங்கும் வெற்றிடக் குழாய் வகை. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம்.

கொடைக்கானல் வாசகி: புதிதாக ஒரு கழிப்பறை சேர்க்கிறோம். பழைய செப்டிக் டேங்க் போதுமா?

தொட்டியின் அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 இந்தியத் தரப்படி 10 பேருக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதென்றால், 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம். குளிரில் கசடு மெதுவாகத்தான் மக்கும், ஆகவே மலையில் அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழியைத் தடுப்புச் சுவருக்கு மேலேயோ பின்னாலேயோ மட்டும் வைக்காதீர்கள். சரிவுக்குள் தினமும் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம் அது.

கோத்தகிரி வாசகர்: 40 பேருக்குச் சமைக்கப் பின்பக்கம் திறந்த சமையல் கூடம் போடுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று பக்கமும் திறந்து விடாதீர்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் சுவர் இல்லாவிட்டால் அடுப்பின் சூட்டில் பாதி வீணாகும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. அண்டாவில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் பந்தி தாமதமாகும். பெரிய குக்கர் இரண்டுக்கு இடம் ஒதுக்கி, பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள். எண்ணெய், மீந்த சாப்பாடு இரண்டையும் கூடத்திலேயே இரவு விடக் கூடாது. எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும் ஊர் உங்களுடையது. இரும்புக் கதவுள்ள ஒரு சின்ன அறையை அதன் ஓரத்தில் கட்டி, எச்சில் இலைத் தொட்டியையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டுங்கள். கதவின் தாழ்ப்பாள் உருண்டைக் கைப்பிடியாக இருக்கட்டும், அழுத்தித் திறக்கும் கைப்பிடியைக் கரடி எளிதாகத் திறந்துவிடும்.